எழுதாமல் விட்ட குடோன்

என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமளாபுரத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினான்.

"மாமா, இத ஒருக்காப் படிச்சுப் பாருங்க. நெசந்தானுங்களா?"

அது ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த செய்தி. யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். காடாத் துணிக்கு வடமாநிலங்களிலிருந்து ஆர்டர்கள் குவிகின்றன, பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன, தறி போதாமல் ஜவுளி உற்பத்தியாளர்கள் திணறுகிறார்கள் என்று அதில் இருந்தது. காடா என்றால் தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும் துணி. சலவையும் சாயமும் அதற்குப் பிறகுதான்.

ஒரு காலத்தில் அவனுக்கு எட்டுத் தறிகள் இருந்தன. அவற்றை இழந்த பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் அதே கம்பெனி வேனில்தான் போய் வந்தாள். இப்போது மறுபடி தறி போடப் போவதாகச் சொன்னான். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா இல்லாமல் ஓடும் நவீனத் தறி நான்கு, பழையது, விலைக்கு வந்திருக்கிறதாம். கடனுக்கு வங்கியில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

"புதன்கெழமை கையெழுத்துங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னாப் போட்டுருவன். என்ற ஊட்டுக்காரி கூட, மாமனக் கேட்டுட்டு வந்துருங்கன்னுதான் அனுப்புனா."

அவனுக்கு இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அவன் காட்டிய செய்தியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி எழுதப்பட்டது என்று வரிக்கு வரி தெரியும். அதே பக்கத்தில் அதே மாதிரிச் செய்திகளை எழுதித்தான் நான் முடி நரைத்தேன். அதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடாதே என்று அவனிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பொருளாதாரம் படித்தவன். முதுகலை முடித்த கையோடு ஒரு தமிழ் நாளிதழில் சேர்ந்தேன். திருப்பூரிலிருந்து பின்னலாடை, நூல், விசைத்தறி என்று தொழில் செய்திகளை எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பத்திரிகை கேட்டுக்கொண்டதால் மேலும் சில வருடம் எழுதினேன். ஒரு பொய்யும் எழுதியதில்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது உண்மையும்கூட. யாராவது சொல்லாத எதையும் நான் எழுதவில்லை. யார் சொன்னார்கள் என்பதைத்தான் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யாருக்கு முதலில் போன் செய்கிறோம் என்பதிலேயே பாதிச் செய்தி முடிந்துவிடும். ஏற்றுமதியாளர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் போன் செய்தால் உடனே எடுப்பார்கள். பேசத் தெரிந்தவர்கள். சங்கத்து அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்பவே ஆள் வைத்திருப்பார்கள். கூலிக்குத் தறி ஓட்டுகிறவனுக்குப் போன் செய்தால் தறிச் சத்தத்தில் மணி அடிப்பதே அவனுக்குக் கேட்காது. பொழுது சாய்ந்து அவன் திரும்பக் கூப்பிடும்போது நான் செய்தியை அனுப்பி முடித்திருப்பேன். அவன் சொல்வதைக் கடைசிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்வேன். கடைசிப் பத்திக்கு ஆயுள் குறைவு. தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடை விளம்பரங்கள் வரும், பக்கத்தில் இடம் சுருங்கும், முதலில் வெட்டப்படுவது கடைசிப் பத்திதான். யாருக்கும் யார் மேலும் விரோதம் இல்லை. பக்கத்தை முடிக்க வேண்டிய அவசரம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அப்படி வெட்டிக்கொண்டே வந்தால், தறி ஓட்டுகிறவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானே அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

பனியன் கம்பெனிகளில் ஆள் பற்றாக்குறை என்று வருடம் தவறாமல் எழுதியிருக்கிறேன். பொங்கலுக்குத் தென்மாவட்டங்களுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, ஹோலிக்கு வடக்கே போனவர்கள் திரும்பவில்லை. என்ன சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஏற்றுமதி கூடியது என்று எழுதுவேன். பணத்தின் மதிப்பில் கூடியதா, துணியின் எண்ணிக்கையில் கூடியதா என்று கேட்டுப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். படித்த படிப்பே அதற்காகத்தான். கேட்டால் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார். விட்டுவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் செய்தியாளர்களுக்கும் தொழில்காரர்களுக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. பேட்டி முடிந்து பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திவிட்டால், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒறம்பரைப் பேச்சு. ஒறம்பரை என்றால் எங்கள் ஊரில் விருந்தாளி, உறவு எல்லாம்தான். இலை போட்டுச் சாப்பாடு போடுவார்கள், தென்னந்தோப்பைச் சுற்றிக் காட்டுவார்கள், மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள். அது எதுவும் அச்சுக்கு வரக்கூடாது. வந்தால் அந்த வீட்டுக் கதவு மட்டுமல்ல, அந்த வட்டாரத்துக் கதவுகள் எல்லாம் அடைபடும். இதை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். இளையவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு, கூலி உயர்வு கேட்டு விசைத்தறிக்காரர்கள் தறிகளை நிறுத்தினார்கள். அவர்களுடைய தொழில் முறை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. உற்பத்தியாளர் பாவும், அதாவது தறியில் நெடுக்காக ஏற்றும் நூலும், குறுக்கே ஓடும் நூலும் கொடுப்பார். தறி வைத்திருப்பவர் நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். தறியும் கரண்ட் பில்லும் இவருடையது. நூலும் துணியும் அவருடையது. கூலி பல வருடமாக உயரவில்லை. பேச்சுவார்த்தை முறிந்தது. சாமளாபுரத்திலிருந்து பல்லடம் வரை தறிச் சத்தம் அடங்கியது. என் மச்சினனும் தறிக்கூடத்தைப் பூட்டினான்.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் நான் எழுதிய முதல் செய்தியின் தலைப்பு, விசைத்தறி வேலைநிறுத்தத்தால் தினமும் இத்தனை கோடி ரூபாய் உற்பத்தி பாதிப்பு என்பது. அந்தத் தொகையை நான் கணக்குப் போடவில்லை. உற்பத்தியாளர் தரப்பில் போனில் சொன்னார்கள். இத்தனை தறி, தறிக்கு இத்தனை மீட்டர், மீட்டர் இன்ன விலை, பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். சரிபார்க்கலாம் என்று வேலைநிறுத்தக் குழுவில் ஒருவரைக் கேட்டேன். அவர் அதைவிடப் பெரிய தொகை சொன்னார். எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் சாயும் ஒரு கணக்கை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. இரு தரப்பும் உறுதி செய்த செய்தி அல்லவா. அலுவலகத்தில் இருந்த செய்தி ஆசிரியர், "கோடி இருக்குல்ல சார்? அப்பத் தலைப்பு ரெடி" என்றார்.

இரண்டு பேருக்கும் அந்தத் தொகை ஏன் பிடித்திருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. தறிக்காரர்களுக்கு அது தங்கள் பலத்தைக் காட்டியது. நாங்கள் நிறுத்தினால் உங்களுக்கு இவ்வளவு போகிறது பார் என்று. உற்பத்தியாளர்களுக்கு அது வேறு இடங்களில் உதவியது. அரசாங்கம் இரக்கப்படும், வங்கி கெடு நீட்டித்துக் கொடுக்கும், வடக்கே இருக்கும் வியாபாரி சரக்குக் கிடைக்காதோ என்று பயப்படுவான். உற்பத்தி பாதிப்பு என்று நான் எழுதியதைப் படித்தவர்கள் எல்லாரும் நஷ்டம் என்று படித்தார்கள். நெய்யாத துணி எல்லாருக்கும் நஷ்டம் ஆகாது. ஏற்கனவே நெய்த துணி விற்காமல் கிடந்தால், நெய்யாமல் இருப்பதே ஒருவருக்கு லாபமாக இருக்கலாம். பொருளாதார வகுப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

அதைக் கண்ணாலும் பார்த்தேன். பல்லடம் பக்கத்தில் ஓர் உற்பத்தியாளரைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். முன் ஹாலில் உட்கார்ந்து, தொழில் அழிகிறது, குடும்பங்கள் தெருவுக்கு வரும், அரசு தலையிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன். பேனாவை மூடினேன். என் வண்டி வெயிலில் நிற்கிறதென்று அவருடைய ஆள் அதைக் குடோன் நிழலுக்குத் தள்ளி வைத்திருந்தான். எடுக்கப் போனவன் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். காடாத் துணி மூட்டைகள் கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு நின்றன. நடைபாதையையும் விடவில்லை. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகும் அளவுக்குத்தான் சந்து இருந்தது.

பின்னாலேயே அவரும் வந்துவிட்டார்.

"என்னங் சார் அப்படிப் பாக்கறீங்க? நாம பண்ணுன பாவமெல்லாம் மூட்ட கட்டி வெச்சிருக்கறனுங்க" என்று சிரித்தார்.

"இவ்வளவு சரக்கு நிக்குதுங்களா?"

"வெல உழுந்து கெடக்குதுங்க. வித்தா நூல் வாங்குன காசு கூட வராது. தறி ஓடீட்டே இருந்துச்சுன்னா எங்க கொண்டு போயி அடுக்கறதுங்க, உங்க ஊட்லயா? சித்தெ நாளைக்கு நிக்கட்டும். வடக்க சரக்கில்லீன்னு ஆச்சுன்னா வெல தானா ஏறும். அப்பறம் கூலியும் குடுக்கலாம், கோயிலுக்கும் குடுக்கலாம்."

"அப்ப ஸ்டிரைக்கு நல்லதுன்னு சொல்லுங்க."

"நான் எங்கீங்க சொன்னன்? நீங்கதான் சொல்றீங்க" என்று என் முதுகில் தட்டினார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். "பேனாவ மூடீட்டீங்கல்லங்க?"

"மூடீட்டனுங்க."

"அப்பச் சரி. வாங்க, எளநி வெட்டச் சொல்றன்."

குடித்துவிட்டு வந்தேன். அன்று நான் அனுப்பிய செய்தியில் தொழில் அழிவதும் குடும்பங்கள் தெருவுக்கு வருவதும் இருந்தன. தினசரிக் கோடியும் இருந்தது. குடோன் இல்லை. யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை. எழுதினால் அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார் என்பது ஒன்றுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

அந்தச் செய்தி வந்த அன்று மச்சினன் போன் செய்தான். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"மாமா, நம்ம நியூஸு குரூப்பு குரூப்பா ஓடுதுங்க. எழுதுனது என்ற அக்கா ஊட்டுக்காரருன்னு எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. இனி எனக்கு டீக்கடையில டீ ஓசி."

"எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லி வை" என்றேன்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "அதுக்குக் கூப்புடலீங்க மாமா. எனக்குப் பாவு குடுக்கறவரு ஆள உட்டுச் சொல்லியிருக்காருங்க. சத்தமில்லாம ஓட்டு, பழைய கூலிக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றன்ங்கறாரு. எங்க வீதியிலயே ரண்டு பேரு கதவச் சாத்தீட்டு ஓட்டறாங்க. நான் என்னங்க பண்ணட்டும்? அவிங்களுக்குத் தெனமும் இத்தன கோடி போவுதுன்னா எத்தன நாளைக்குத் தாங்குவாங்க? நீங்க எழுதுன கணக்குச் சரிதானுங்களே?"

குடோன் என் கண் முன்னால் நின்றது. கூரை வரைக்கும் நின்றது.

"கணக்குச் சரிதான் மாப்ளே" என்றேன்.

"அப்ப நிக்கறனுங்க. எல்லாரும் ஒண்ணா நின்னாத்தானுங்க ஆவும்."

நான் சொன்னது பொய்யில்லை. தறிகளையும் மீட்டரையும் விலையையும் பெருக்கினால் அந்தத் தொகைதான் வரும்.

அவன் நின்றான். நான் குடோனைப் பற்றிச் சொல்லியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்போதும் நின்றிருப்பான். ஊரோடு நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் அவனுக்கு உண்டு, அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எதிரே இருப்பவர்கள் எல்லாரும் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று நம்பி அவன் நின்றான். அவர்களில் நான் பார்த்தவரோ தறி நிற்க வேண்டுமென்று காத்திருந்தார். தெரிந்து நிற்பது அவனுடைய முடிவாக இருந்திருக்கும். அந்த முடிவை எடுக்க நான் அவனை விடவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, கூலி உயர்ந்ததாகவும் செய்தி எழுதினேன். அதற்குள் துணி விலை ஏறியிருந்தது. குடோன்கள் காலியாகியிருந்தன. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியவர்களுக்கு முதலில் பாவு வந்தது. என் மச்சினனுக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தறிகள் தூசி பிடித்து நின்றன. வேறு இடங்களில் கேட்டான், பழைய கூலிக்கும் கீழே பேசினார்கள். கடைசியில் தறிகளை எடைக்குப் போட்டான்.

அன்று நானும் என் மனைவியும் சாமளாபுரத்தில் இருந்தோம். தறியை முழுசாகத் தூக்கி லாரியில் ஏற்ற முடியாது. வார்ப்பிரும்பு, சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடையும். பழைய இரும்புக்காரனின் ஆட்கள் அடித்து உடைத்தார்கள். அவன் மனைவி உள்ளே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மட்டும் வாசலுக்கும் லாரிக்கும் நடந்து, உடைந்த துண்டுகளைத் தானே தூக்கிப் போட்டான். ஆட்கள் வேண்டாமென்று சொன்னபோது, "இருக்கட்டும், எனக்குத்தான் பழக்கம்" என்றான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, வெயில்ல நிக்காதீங்க" என்று நிழலில் நாற்காலி போட்டான்.

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்ல ஏதாவது இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த களைப்பிலும், தொழில் செய்தி எதைக் கண்டாலும் எனக்கு அனுப்புவான். கீழே ஒரே வரி எழுதுவான். 'நெசமுங்களா மாமா?' நானும் ஆமாம், இல்லை, பார்க்கலாம் என்று பதில் அனுப்புவேன். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சோர்வாக இருக்கும். பிறகு நான் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். கண் சரியில்லை என்று பத்திரிகையில் சொன்னேன். கண் சரியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தியைப் படித்து முடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இத யார் உனக்கு அனுப்புனது?"

"தறி வாங்கித் தர்ற புரோக்கருங்க."

"அவர் எதுக்கு அனுப்பறார்?"

"அவருக்கென்னங்க, தறி கை மாறுனாக் கமிஷன். அதுக்காகப் பேப்பர்ல வந்தது இல்லீன்னு ஆயிருமுங்களா?"

"ஆகாது. ஆனா பார், ஆர்டர் குவியுதுன்னு யார் சொல்றாங்க? உற்பத்தியாளர்கள் தெரிவித்தனர்னு இருக்குது. தறிக்காரர் ஒருத்தர் பேச்சுக் கூட இல்லை. எதோட ஒப்பிட்டுக் குவியுதுன்னு இல்லை. போன வருஷம் இதே சமயத்துல தறி பாதி நின்னுட்டிருந்துச்சு. அதுக்கு இது எச்சாத்தான் இருக்கும். கூலி என்னன்னு ஒரு வரி இல்லை. தறி போதலை போதலைன்னு சொன்னா நாலு பேர் புதுசாத் தறி போடுவாங்க. தறி பெருகுனாக் கூலி என்ன ஆகும்?"

அவன் பொறுமையாகக் கேட்டான். நான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, இந்தக் கேள்விகளை எல்லாம் நான் வேலையில் இருந்தபோது யாரிடமும் கேட்டதில்லை என்பது உறுத்தியது.

"பொய்யிங்கறீங்களா?"

"பொய்யா இருக்காது."

"அப்பறம் என்னங்க மாமா?" அவனுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "பொய்யில்லீங்கறீங்க, நம்பாதேங்கறீங்க. வாத்தியாரு மாதிரியே பேசறீங்க. எனக்குப் புதன்கெழமை கையெழுத்துங்க."

அப்போதுதான் சொன்னேன். பேட்டி, மூடிய பேனா, குடோன், இளநீர், எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையிலிருந்து காபியோடு வந்த என் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அவன் கேட்டான்.

"குடோன் நெறஞ்சுங்களா கெடந்துச்சு?"

"கூரை வரைக்கும்."

"நான் போன் பண்ணிக் கேட்டனே. அதுக்கு முன்னாடி பாத்தீங்களா, பொறகு பாத்தீங்களா?"

"முன்னாடி."

"ஓ" என்றான். செல்போனை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏனுங் மாமா, அன்னிக்குக் கணக்குச் சரின்னு சொன்னீங்க. நம்புனன். இன்னிக்கு இது சரியில்லீங்கறீங்க. இத எப்படிங்க நான் நம்பறது?"

"இன்னைக்குச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் ஆதாயமில்லை மாப்ளே."

"அன்னிக்கு மட்டும் என்னங்க ஆதாயம்? ஒரு எளநிதான?"

அவன் எழுந்துகொண்டான். என் மனைவி, "சாப்புட்டுட்டுப் போடா, இட்டிலி ஊத்தியிருக்கறன்" என்றாள். "இல்லக்கா, வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். காபி ஆடை படிந்து அங்கேயே இருந்தது.

என் மனைவி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து நின்றாள்.

"அவன் தறிய ஒடச்ச அன்னிக்கு நீங்களும் நானும் ஒண்ணாத்தானுங்க பஸ்ல போனோம். அத்தன தூரம் பக்கத்துல உக்காந்துட்டு வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லத் தோணலீங்களா?"

"தோணுச்சு" என்றேன்.

"தோணுச்சா" என்றாள்.

புதன்கிழமைக்குள் ஏதாவது உறுதியாகத் தெரிந்துகொண்டு அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று முயன்றேன். பழைய பழக்கத்தில் உற்பத்தியாளர்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். எல்லாரும் எடுத்தார்கள். எல்லாரும் சந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அது ஆண்டவனுக்குத்தானுங்க தெரியும், என்னங் சார், மறுபடியும் எழுத ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் ஒருவர். தறிக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். ஓடுகிறது என்றார்கள், கூலி குறைத்துத்தான் தருகிறார்கள் என்றார்கள், ஒருவர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் செய்தி பாதி சரியாக இருந்தது. மீதிப் பாதி என்ன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்திரிகை அலுவலகத்துக்கும் போனேன். பழைய வேலைநிறுத்தத்தின்போது சரக்கு தேங்கியிருந்ததை நாம் விட்டுவிட்டோம், இப்போது வரும் செய்திகளிலும் ஒரு பக்கம் விட்டுப்போகிறது, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன் என்றேன். இப்போதிருக்கும் செய்தி ஆசிரியர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எந்த ஸ்டிரைக் சார் அது? இப்ப மார்க்கெட் நல்லா இருக்கு சார், இந்த நேரத்துல போய்ப் பழசைக் கிளறணுமா? உங்க அனுபவத்தை வச்சு பாசிட்டிவா ஒண்ணு குடுங்க, போட்டோவோட போடறேன்."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நாற்காலிதான் போட்டிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மச்சினனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. புதன்கிழமை அவன் கையெழுத்துப் போட்டுவிட்டதாக என் மனைவிதான் சொன்னாள்.

தறி ஓட்டும் பூசைக்குக் கூப்பிட்டான். போனோம். பழைய தறிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். புதிதாக வந்த தறிகளுக்குச் சத்தம் வேறு மாதிரி, படபடவென்று வேகமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றான், பூசை முடிந்ததும் திருநீறு எடுத்து வந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தான், பந்தியில் நின்று பரிமாறினான். "மாமாவுக்கு இன்னொரு வடை வெய்யி" என்று மனைவியிடம் சொன்னான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் விலை என்ன ஆகும், டெல்லியில் என்ன சொல்கிறார்கள் என்று ஏதாவது கேட்பான். அன்று வரவில்லை.

அவன் இப்போது எனக்குச் செய்திகள் அனுப்புவதில்லை. நான்தான் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன்.

"எப்படி மாப்ளே இருக்குது ஓட்டம்?"

"ஓடுதுங்க மாமா."

"பாவு ஒழுங்கா வருதா?"

"வருதுங்க."

"கூலி?"

"தர்றாங்க."

ஒன்றும் பொய்யாக இருக்காது. ஆனால் போன வாரம் என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, தறியைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வேலையை விட்டிருந்த அவன் மனைவி மறுபடியும் பனியன் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட் போகத் தொடங்கிவிட்டாளாம் என்றாள். கடன் தவணைக்கா, தறி நிற்கிறதா, வேறு ஏதாவதா என்று என் மனைவிக்கும் தெரியவில்லை. அவளிடமும் அவன் அதற்கு மேல் சொல்லவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டேன். போனில் தறிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். கேட்டது, எத்தனை தறி என்று தெரியவில்லை.

"ஓடுதா மாப்ளே?"

"ஓடுதுங்க மாமா. அக்கா நல்லா இருக்குதுங்களா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன்.